ஆமைக்கு ஒரு கையெழுத்து

போன வெள்ளிக்கிழமை எங்கள் பாகூர் வீட்டுக்கு ஓர் ஆமை வந்து சேர்ந்தது. பிரான்ஸிலிருந்து – முறைப்படி, முத்திரை குத்திய காகிதங்களோடு.

சிரிக்காதீர்கள். அந்தக் காகிதங்களுக்காக ஒரு மாதம் எனக்குத் தூக்கமில்லை.

அண்ணன் பிரெஞ்சு ராணுவத்தில் இருக்கிறார். ஐந்து வருஷம் கழித்து லீவில் வருவதாக எழுதியிருந்தார். அவர் மகள் அனிதா வளர்க்கும் ஆமையும் வருமாம். அது வராவிட்டால் அவள் வரமாட்டாள். அவள் வராவிட்டால் அண்ணி கிளம்பமாட்டார். ‘ஒளித்து எடுத்துவரப் பயம். அனுமதி வாங்கிவிடு’ என்று வேறு... அப்பா, அம்மா இல்லாத எங்களுக்கு, அவர் வந்து தங்க என் வீட்டை விட்டால் வேறு இடம் ஏது?

டவுனில் ஓர் ஆபீஸ். அங்கிருந்து இன்னோர் ஆபீஸ். கடைசி மேஜைக்காரர் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏம்மா, உங்க ஊரு ஏரில இல்லாத ஆமையா?”

“இது வளத்த ஆமை சார்.”

நல்ல மனிதர். வேண்டியதை அவரே எழுதிக் கொடுத்தார். அந்த நாட்டுக் கால்நடை டாக்டரின் சர்டிபிகேட் – அது அண்ணன் பாடு. ஆமை தங்கப்போகும் வீட்டுச் சொந்தக்காரரின் சம்மதக் கையெழுத்து – அது என் பாடு.

வீடு என் மாமியார் பெயரில் இருக்கிறது.

வீட்டுக்குள் ஆமை புகுந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று நம்புகிறவர் அவர். நம் ஊரில் யார்தான் நம்பவில்லை? படித்த நானே, ஒன்றரை வயதுப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு, ‘ஒருவேளை...’ என்று யோசித்தேன். கடிக்குமா? இவன் அதை வாயில் வைப்பானா? அனுமதி கிடைக்காமல் போனாலே நல்லதோ? உடனே அண்ணன் முகம் நினைவுக்கு வரும்.

கணவரிடம் சொன்னேன். “அம்மாகிட்ட நீயே பக்குவமா சொல்லிடு” என்றவர், சைக்கிளை எடுத்துக்கொண்டு கரும்புக் கொல்லைக்குப் போய்விட்டார்.

மாமியார் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். பேப்பரை நீட்டினேன்.

“இன்னாடி இது?”

“அண்ணன் வர்றதுக்கு ஒரு பேப்பர் அத்த.”

அவ்வளவுதான். கண்ணாடிகூடத் தேடவில்லை. “எங்க போடணும்?” என்று பேனாவை வாங்கி, முதல் எழுத்தைப் போட்டும்விட்டார்.

அந்த நம்பிக்கைதான் என்னைக் கவிழ்த்தது. கையைப் பிடித்துவிட்டேன்.

“இருங்க அத்த. அண்ணன் பொண்ணு ஒரு ஆமை வளக்குது. அதை இங்க வச்சிக்கச் சம்மதம்னு எழுதியிருக்கு.”

நிமிர்ந்து பார்த்தார்.

“தானா உள்ள பூருதா, நாம கூப்புடுறமா?”

“கூப்புடுறோம் அத்த. பிளேன்ல வருது.”

“அப்ப அது பூர்றதில்ல. விருந்து” என்று மீதி எழுத்துகளையும் போட்டார். “இதை மொதல்லயே சொன்னா இன்னா? நான் இன்னா கடிச்சிடுவனா?”

வெள்ளிக்கிழமை எல்லாரும் வந்து இறங்கினார்கள். ஆமைப் பெட்டியோடு உள்ளே ஓடப் பார்த்த அனிதாவை மாமியார் வாசலிலேயே நிறுத்தினார்.

“எறக்கி வுடு பாப்பா. வலது கால எடுத்து வச்சி வரட்டும்.”

வாசற்படியில் விட்டாள். ஆமை நான்கு கால்களையும் தலையையும் உள்ளே இழுத்துக்கொண்டது. அண்ணன், அண்ணி, தெருவில் பாதிப் பேர் – எல்லாரும் காத்து நின்றோம்.

மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். “இன்னாடி, உன்னாட்டமே ரோசன பண்ணுது.”

ஒருவழியாக ஆமை உள்ளே வந்தது. வலது காலை எடுத்து வைத்ததா? அந்தப் பக்கம் இரண்டு கால் இருக்கிறதே... எது கணக்கு என்று இந்த முறை நான் யோசித்துக்கொண்டு நிற்கவில்லை.