இரண்டாவது பிரேக்

டிரைவிங் ஸ்கூல் காரில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று ஓட்டக் கற்பவருக்கு, இன்னொன்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவருக்கு. அந்த இரண்டாவது பிரேக்கை நம்பித்தான் ஐம்பதை நெருங்கும் வயதில் நான் ஸ்டியரிங்கைத் தொட்டேன். அதன்மேல் கால் வைத்திருந்தவர் என்னைவிட இளையவர். ஆனாலும் அந்தக் காரில் ஏறும் எல்லோருக்கும் அவர் அக்காதான்.

அக்காவுக்கு ஒரு பழக்கம். பயந்து நடுங்குகிறவர்கள் கையில் தன் வாட்சைக் கழற்றிக் கட்டிவிடுவார். நாடித்துடிப்பு காட்டும் வாட்ச்.

"நூத்துக்குக் கீழ வரட்டும், அப்புறம் சாவியத் திருகுங்க. அவசரம் ஒண்ணும் இல்ல."

என் துடிப்பு இறங்குவதற்குள் பாதி வகுப்பு போய்விடும். அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்க வந்த ஒரே நாளில் என் வீட்டுக்காரர் போட்ட சத்தத்தை நினைத்தால், அக்காவைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

அப்படிப்பட்டவர் திடீரென்று மாறிப்போனார். கிளட்சைச் சட்டென்று விட்டால் எரிந்து விழுந்தார். ஏ.சி. போதவில்லை என்றார். நன்றாகச் சாப்பிட்டும் ஆள் பாதியாகிவிட்டார்.

"பொறுமையெல்லாம் தீந்துபோச்சுங்க. இனி இந்த வேலைக்கு நான் லாயக்கில்ல போல," என்று என்னிடமே சொன்னார். எனக்கு மனசு கேட்கவில்லை.

அன்று வகுப்பு முடிந்ததும் வாட்சைத் திருப்பிக் கொடுத்தேன். என் கையில் எண்பத்தெட்டு காட்டியது, அவர் கையில் நூற்றிருபத்து நான்கு. கார் நின்றுகொண்டிருந்தது, அவரும் சும்மாதான் உட்கார்ந்திருந்தார்.

"உங்க பயம் இன்னும் வாட்சுக்குள்ளயே ஒட்டிக்கிட்டிருக்கு," என்று சிரித்தார்.

மறுபடி என் கையில் கட்டிப் பார்த்தோம். எண்பத்தாறு. திரும்பவும் அவர் கையில். எண் இறங்கவே இல்லை, அவர் சிரிப்புதான் நின்றது.

"வாட்ச் நல்லாத்தான் இருக்குக்கா. டாக்டரப் பாருங்க," என்றேன்.

ரத்தப் பரிசோதனையில் விஷயம் தெரிந்தது. தைராய்டு அளவுக்கு மீறி வேலை செய்துகொண்டிருந்தது. எரிச்சல், வியர்வை, படபடப்பு எல்லாம் அதன் கைவரிசை. தைராய்டை அடக்க ஒரு மாத்திரை, துடிப்பைக் குறைக்க இன்னொன்று. தினமும் காலையில் எழுந்திருக்கும் முன் படுத்தபடியே வாட்சைப் பார்க்கச் சொன்னார் டாக்டர். எண் மளமளவென்று இறங்கியது.

"எண்பதுக்கு வந்துருச்சே, நாளைக்கே வந்துருங்க," என்று லீவிலிருந்த அக்காவைக் கூப்பிட்டார் டிரைவிங் ஸ்கூல் முதலாளி. போகாவிட்டால் வேலை கைநழுவிவிடும். அந்தப் பயம் அக்காவுக்கும் இருந்தது. அப்படியும் அவர் அசையவில்லை.

"துடிப்பக் குறைச்சது மாத்திரைங்க. வாட்சுக்குத் தைராய்டப் பத்தி என்ன தெரியும்? ரத்தத்துல சரியாகட்டும். என் கால் நடுங்குனா, அந்த பிரேக் இருந்தும் இல்லாத மாதிரிதான்."

முதலாளி வேறு ஆளை வைத்தார். நான் அந்தப் புது ஆளிடம் கற்கப் போகவில்லை. பிடிவாதம் என்றால் பிடிவாதம்தான். தன் பிழைப்பைவிட என் உயிரைப் பெரிதாக நினைத்தவரை விட்டு வேறு யாரிடம் போவேன்?

மாதங்கள் போயின. ரத்தத்திலும் சரியாகிவிட்டது, வேலைக்குப் போகலாம் என்று டாக்டரே சொன்னார். முதலாளி முணுமுணுத்துக்கொண்டே சாவியைக் கொடுத்தார். முதல் வகுப்பு எனக்கு.

பழக்கதோஷத்தில் வாட்சுக்காகக் கையை நீட்டினேன். அவர் கழற்றவில்லை. தன் மணிக்கட்டை என் பக்கம் திருப்பினார்.

"மொதல்ல என்னோடதப் பாருங்க."

எழுபத்து நான்கு.

அதன் பிறகுதான் கழற்றி எனக்குக் கட்டினார். நூற்றுப் பதினெட்டு.

அக்கா பிரேக்கில் கால் வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அவசரம் ஒண்ணும் இல்ல," என்றார்.