பிலோமினா அக்காவின் பனிமலைப் படம்

கோயில் ஏலத்தில் சுத்தியலைத் தூக்கிவிட்டு அடிக்க முடியாமல் நின்றிருக்கிறேன். பொருளுக்கு விலை மதிக்கிற வலுவேஷன் தொழிலுக்கு வரும் இளையவர்கள் என் பெரிய விற்பனைகளைப் பற்றித்தான் கேட்கிறார்கள். இந்தக் கதைதான் அவர்களுக்கு உதவும்.

1. விலை போட்டது

கொழும்பில் ஓர் ஏலக் கம்பனியில் முப்பது வருடம் வலுவராக இருந்தேன். தேயிலைத் தோட்டத்துரைமாரின் பழைய பங்களாக்களிலிருந்து வரும் அல்ப்ஸ் மலைப் படங்கள் என் பிரிவு. மேலே பனி, கீழே ஏரி, கரையில் ஊசியிலை மரம். பத்தில் ஒன்பது இப்படித்தான் இருக்கும். பனிக்கட்டியை நான் கண்டது மீன்வாடியில் மட்டும். ஆனாலும் கன்வஸைப் பார்த்தே வயது சொல்வேன் என்ற மண்டைக்கனம் இருந்தது. ஓய்வு பெற்று ஊர்காவற்றுறைக்கு வந்தபோது அதையும் கூடவே கொண்டுவந்தேன்.

ஒருநாள் அதே ஊர் பிலோமினா அக்கா கூப்பிட்டனுப்பினார். கணவர் இல்லை. ஒரே மகன் அருள்தாஸ் சுவிஸில். அவனுக்கு அங்கேயே தங்க விசா கிடைத்தால், வீட்டில் ஆகப் பெறுமதியான சாமானை அந்தோனியார் கோயிலுக்குத் தருவதாக அக்காவுக்கு நேர்த்திக்கடன் இருந்தது. விசா கிடைத்துவிட்டது.

"தம்பி, அந்தோனியாரை ஏமாத்தக் கூடாது. எது பெறுமதியெண்டு நீங்கள் ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ" என்றார். தன் கணக்கில் அது பிறிட்ஜ்தான் என்று, அந்தக் குளிர்சாதனப் பெட்டியைத் துடைத்து, ஒரு சிவப்பு ரிபனும் கட்டி வைத்திருந்தார்.

நான் பிறிட்ஜைப் பார்க்கவில்லை. குசினி வாசலுக்கு மேலே ஒரு பனிமலைப் படம் தொங்கியது. இறக்கி, பூதக்கண்ணாடி வைத்து அரை மணித்தியாலம் பார்த்தேன். பெயின்ற் முழுக்க நுண்ணிய வெடிப்பு. மூலையில் ஓர் ஆங்கில 'ஏ' எழுத்து.

"நூறு வருசப் பழசு அக்கா. மூண்டு லட்சத்துக்குக் குறையாது. கீறினவன்ரை கை கெட்டிக்காரக் கை."

அக்காவின் கண் கலங்கியது. "மெய்யாவோ தம்பி? கெட்டிக்காரக் கையோ?"

"சந்தேகமே இல்லை."

சந்தோசக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டேன். அக்கா பிறிட்ஜிலிருந்த ரிபனை அவிழ்த்துப் படத்துக்குக் கட்டினார்.

2. ஏலம் போட்டது

திருநாளில் நேர்த்திச் சாமான்களை ஏலம் விட்டு, காசைக் கோயிலுக்குக் கொடுப்பது வழக்கம். கொடுத்தவரே கேட்டு எடுக்கவும் செய்யலாம். அந்த வருடம் சுத்தியல் என் கையில்.

படத்துக்காகவே புங்குடுதீவிலிருந்து கனகர் வந்திருந்தார். சுவிஸில் இருபத்தைந்து வருடம் இருந்துவிட்டு வந்து மாடிவீடு கட்டியவர். ஹோலில் ஏழு மலைப்படம் மாட்டியிருக்கிறார், எட்டாவது தேடிக்கொண்டிருந்தார். "உந்த மலையை நான் ஒவ்வொரு நாளும் என்ரை யன்னலாலை பார்த்தனான்" என்று சனத்துக்குக் கேட்கச் சொன்னார்.

முதலில் விலை கேட்டது பிலோமினா அக்கா. சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்து, இருந்த காசு முழுவதையும் எண்ணி, "முப்பதாயிரம்" என்றார்.

"ஐம்பது" என்றார் கனகர்.

அக்கா முடிச்சைத் திரும்பக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த நேரம் மீன்பிடிக்கிற எட்வேட் படத்துக்குக் கிட்ட வந்து குனிந்து பார்த்தான்.

"ஏலக்கார அண்ணை, ஏரியிலை நிக்கிறது என்ரை வள்ளமெல்லோ! முன்பக்க அணியத்திலை நான் ஒட்டுப்போட்ட பலகை கிடக்கு, பாருங்கோ. ஆர் உதைக் கீறினது?"

"அருள்தாஸ்தான்" என்றார் அக்கா. "அங்கையிருந்து கீறி அனுப்பினவன்."

'ஏ' என்றால் அருள்தாஸ். நூறு வருட வெடிப்பு, குசினிப் புகையும் உப்புக்காற்றும் சேர்ந்து செய்த வேலை. என் வாய்க்கொழுப்பால் ஒரு தாயின் கையிலிருந்து பிள்ளையின் படத்தைப் பறித்துவிட்டேன். வெட்கமாக இருந்தது.

ஒரு வழி இருந்தது. சனத்தைப் பார்த்து உரக்கச் சொன்னேன்: "என்ரை வலுவேஷன் பிழை. உந்தப் படத்துக்குப் பிறேம் சட்டத்தின்ரை காசு ரெண்டாயிரம்தான். அக்கா வீட்டிலை பெறுமதியான சாமான் பிறிட்ஜ். அது நாப்பதாயிரம் போகும். நேர்த்தி அதுக்குத்தான்."

கனகர் எழும்பினார். "என்ன விளையாட்டு? நீரும் எட்வேட்டும் சேர்ந்து விலையை அமத்தப் பாக்கிறியள் என்ன? ஒரு லட்சம்!"

எங்கள் தொழிலில், ஒருவர் தரத் தயாரான காசுதான் பொருளின் பெறுமதி. கனகர் ஒரு லட்சம் என்றால் பிறிட்ஜ் தோற்றது. "மலை கோணல்" என்றேன். ஒன்றரை என்றார். "பனி சுண்ணாம்பு மாதிரிக் கிடக்கு" என்றேன். இரண்டு என்றார். முப்பது வருடம் படங்களைப் புகழ்ந்தும் இந்த வேகத்தில் விலை ஏறி நான் கண்டதில்லை. சுத்தியல் கை மேலேயே நின்றது.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னுக்கு வந்தார்.

"கனகர், உங்கடை யன்னலாலை தெரிஞ்சது இந்த மலையோ?"

"ஓம். இதே மலைதான்."

"அவன் இருக்கிற இடத்திலை மலையே தெரியாதாம். பிஸ்கற் ரின் மூடியைப் பார்த்துக் கீறினவன். அந்த ரின்னையும் அனுப்பினவன், அதிலைதான் நான் மா போட்டு வைச்சிருக்கிறன். வேணுமெண்டால் மூடியைத் தாறன்."

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. கனகர், "எனக்கு உந்தக் கண்டறியாத படம் வேண்டாம்" என்று உட்கார்ந்துவிட்டார். மூன்று தரம் கேட்டேன், ஒருவரும் வாய் திறக்கவில்லை. விற்கவில்லை என்று அவ்வளவு சந்தோசமாக நான் ஒருநாளும் அறிவித்ததில்லை. ஒருவரும் காசு தராத படத்துக்குப் பெறுமதி இல்லை, நேர்த்தி பிறிட்ஜுக்கே திரும்பியது. பிறகு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் பிறிட்ஜ் வந்தது. மானத்தைக் காப்பாற்ற அதைக் கனகரே எடுத்தார்.

3. கேட்காமல் விட்டது

இளையவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: ஒரு வீட்டுக்குள் போனால் முதலில் வீட்டுக்காரரிடம் கேளுங்கள், பூதக்கண்ணாடியைப் பிறகு எடுக்கலாம். நான் கேட்டிருந்தால் அக்கா ஒரே சொல்லில் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். அதுவும் பிழை. படத்தை அணைத்துக்கொண்டு வெளியே வந்தவரிடம், "மகன் கீறினதெண்டு அண்டைக்கே சொல்லியிருக்கலாமே அக்கா?" என்றேன்.

"நீங்கள் என்ரை பிள்ளையை அவ்வளவு புகழ்ந்தியள் தம்பி. நடுவிலை கதைச்சால் நிப்பாட்டிப் போடுவியள் எண்டு பயந்தனான்." கொஞ்சத் தூரம் நடந்துவிட்டுத் திரும்பினார். "அப்ப கெட்டிக்காரக் கை எண்டதும் பிழையோ?"

"இல்லையக்கா," என்றேன். "விலை மட்டும்தான் பிழை."