திருநாவுக்கரசின் கிருமி

"நில்லுங்க! ஏக்தம் நில்லுங்க சார்!" என்று இயக்குநரையே வாசலில் மறித்து, கையுறை இரண்டு அடுக்கு போட்டிருக்கிறாரா என்று இழுத்துப் பார்க்கிறார் திருநாவுக்கரசு. போர்ட்பிளேயரில் எங்கள் ஆய்வுக்கூடத்துச் சுண்டெலி அறைக்கு அவர்தான் பராமரிப்பாளர். தோரணை என்னவோ கலெக்டர் மாதிரி. "மெயின்லேண்டுலேர்ந்து பிளைட்டுல வந்த தூசி ஒண்ணு போதும் சார், என் புள்ளைங்க காலி."

புள்ளைங்க என்பது சுண்டெலிகள். அவற்றின் மரபணு ஒன்றில் சிறு பிழை. எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் வெள்ளணுக்கள் தைமஸ் சுரப்பிக்குப் போய் முதிராமல் பாதியிலேயே நின்றுவிடுகின்றன. நமக்கு ஒரு தும்மலோடு போகிற கிருமி அவற்றைக் கொன்றுவிடும். "மத்லப், அதாவது மிலிட்டரிக்கு ஆள் எடுத்தாச்சு, டிரெயினிங் கொடுக்கல" என்று வருகிறவர்களுக்கெல்லாம் விளக்குவார். இந்த வம்சத்தை நான்கு வருடமாக ஆராய்கிற டாக்டர் உமா மகேஸ்வரி பக்கத்திலேயே நின்றாலும் அவரை வாய் திறக்க விடமாட்டார்.

அறைக்குள் தனியாகப் போனால் மட்டும் மனிதர் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, கூண்டைத் திறந்து கொஞ்ச ஆரம்பிப்பார். ஒருமுறை கேட்டேவிட்டேன். "அரே பாய், என் கிருமி அதுங்களுக்குப் பழகிப்போச்சு" என்றார். இருபது வருட சர்வீஸ் வேறு! பக்கத்து அறையில் ஸ்டோர் பார்க்கிற நான் தினமும் கண்ணாடி வழியே பார்த்தும் டாக்டரிடம் சொல்லவில்லை. பத்துபஸ்தி குடியிருப்பில் எங்களுக்கு அடுத்தடுத்த வீடு, எதற்கு வம்பு?

போன மாதம் எலிகள் சாகத் தொடங்கின. கப்பலில் வந்த தீவனத்தைத் திட்டினார், ஏசியைத் திட்டினார், வராந்தா பெருக்கும் மருதாயியையும் விடவில்லை. அந்த அம்மா அறை வாசலைத் தாண்டியதே கிடையாது. முப்பதில் மிஞ்சியது ஒரே ஜோடி. அதுவும் போனால் வம்சமும் போச்சு, டாக்டரின் நான்கு வருடமும் போச்சு.

செத்த எலிகளின் நுரையீரலில் இருந்தது மனிதத் தொண்டையில் வாழும் கிருமி என்று பரிசோதனையில் தெரிந்தது. யாருடைய தொண்டை என்று கண்டுபிடித்து அவரை விலக்கிவைத்தால் அந்த ஜோடியாவது பிழைக்கும். எல்லோர் தொண்டையிலும் பஞ்சுக்குச்சி விட்டு மாதிரி எடுக்க டாக்டர் உத்தரவிட்டார். எடுக்கும் பொறுப்பு, நம்பிக்கையான ஆளாயிற்றே, திருநாவுக்கரசுக்கு.

எனக்குக் கண்ணில் நீர் வர எடுத்தார். கடைசியாக மருதாயி. அவர் பெயரை எழுதிக் குப்பியை மூடிவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்தார். நான் நிற்பதையும் பார்த்தார். என்னைத்தான் அவருக்குத் தெரியுமே.

"மருதாயிக்கா, இன்னொரு தடவ வாயத் தொறங்க."

"இப்பத்தானுங்களே எடுத்தீங்க?"

"அது சரியா வரல. ஆ சொல்லுங்க."

அந்த அம்மாவும் 'ஆ' என்றார். இரண்டாவது குச்சியைப் புதுக் குப்பியில் போட்டு, இறுக்கி மூடி, ஸ்பிரிட்டால் துடைத்து, அதன் மேல் குண்டு குண்டான எழுத்தில் தன் பெயரை எழுதினார்.