அஞ்சலையக்கா வண்டியை நிறுத்திய நாள்

பிடுங்கிப் போட்ட மல்லாட்டைச் செடிக்கு, அதுதான் நிலக்கடலைக்கு, ஒரு பச்சை வாசனை உண்டு. மண்வாசனையும் இலையின் கசப்பும் கலந்தது... அன்றைக்கு அதோடு டீசல் புகையும் புது பெயின்ட்டும் சேர்ந்துகொண்டன.

பன்னிரண்டு வருஷம் இருக்கும். முகையூர் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர். என் வீட்டுக்காரர் மெட்ராஸ் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து ஒரு பழைய மினி டிராக்டரை வாங்கியிருந்தார். ஓட்டியது நான்தான். அவர் ரிவர்ஸ் எடுத்தால் வரப்பு தாங்காது!

வண்டி மட்டும் இருந்தால் போதுமா? பின்னால் மாட்ட ஏதாவது வேண்டுமே. உழவுக்கு ஒரு கொத்துக்கலப்பை முதலிலேயே வந்துவிட்டது. அறுவடைக்காகத் திண்டிவனம் போய், பழைய கருவிகள் விற்கிற இடத்தில் மல்லாட்டைக் கத்தி ஒன்றைப் பிடித்தோம். அகலமான இரும்புத் தகடு. மண்ணுக்கடியில் போய்ச் செடியை வேரோடு கிளப்பிவிடும்.

"உங்க வண்டி சின்னது. மாட்டினதும் டாப் லிங்க்க சரி பண்ணிக்கோங்க" என்றார் விற்றவர். வண்டியையும் கருவியையும் மேலே இணைக்கிற திருகுக் கம்பி அது. அதைத் திருகுவதைப் பொறுத்துத்தான் கத்தி ஆழமாகவோ மேலாகவோ போகும். நாங்கள் தலையை ஆட்டினோம். ஆட்டினதோடு சரி. வீட்டுக்கு வந்து கத்திக்குப் பச்சை பெயின்ட் அடித்தோம், மஞ்சள் குங்குமம் வைத்தோம், எலுமிச்சம்பழம்கூட நசுக்கினோம். டாப் லிங்க்கைத் தொடவே இல்லை.

அந்த வருஷம் பூ எடுக்கிற நேரத்தில் மழை ஏமாற்றிவிட்டது. "இந்த மல்லாட்ட கைகுடுக்கலனா வீட்டப் பூட்டிக்கினு மெட்ராஸே போயிடலாம்" என்று அவர் சொல்லியிருந்தார். கம்பெனியிலும் பேசி வைத்துவிட்டார். அங்கே நாங்கள் இருந்த அந்த ஒற்றை அறைக்குத் திரும்ப எனக்கு இஷ்டமே இல்லை.

காலையில் கத்தியை இறக்கினேன். வண்டி திணறவே இல்லை. "பூ மாதிரி போவுது பாரு!" என்று பின்னால் நடந்துகொண்டே அவர் கத்தினார். எனக்கும் பெருமை தாங்கவில்லை.

ஒரு ஏக்கர் முடிந்தது. ஆட்கள் செடியை எடுத்து உதறினார்கள்... செடிக்கு நாலு காய், ஐந்து காய். சிலதில் அதுவும் இல்லை. அவர் வரப்பில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மழ இல்ல, காய் புடிக்கல. வுடு... போயிடலாம்" என்றார். நான் மிச்ச ஏக்கரைப் பார்க்க வண்டியைத் திருப்பினேன்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். செடியை எடுத்துக்கொண்டு ஆட்கள் நகர்ந்துவிட்டால், மண்ணுக்குள் மிச்சம் இருப்பது பொறுக்குகிறவர்களுக்கு. யாரையும் கேட்க வேண்டியதில்லை. அன்றைக்கும் நாலைந்து பெண்கள் களைக்கொத்தோடு இறங்கியிருந்தார்கள். அதில் ஒருத்தி அடுத்த தெரு அஞ்சலையக்கா. அவள்தான் கையை ஆட்டிக்கொண்டு வண்டிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஏம்மா, வண்டிய நிறுத்து! இன்னா ஓட்ற நீ? பொறுக்க வந்த எனக்கே அதுக்குள்ள கூடை ரொம்பிடுச்சி. உனக்கு எப்டிம்மா காய் இல்லாம போவும்? கத்தி மேலாக்கப் போவுது, காய் பூரா அடியில கெடக்குது!"

"இவளுக்கு எதுக்கு இந்த வேல..." என்று பின்னால் பொறுக்க வந்த இன்னொருத்தி முணுமுணுத்தாள்.

நான் குதித்து இறங்கி மண்ணைக் கையாலேயே தோண்டினேன். கொத்துக் கொத்தாகக் காய். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவர் ஓடி வந்து டாப் லிங்க்கைத் திருகி முறுக்கினார். மறுபடி கத்தியை இறக்கினேன். இந்த முறை வண்டி முக்கியது, கரும்புகை விட்டது. பின்னால் செடி கிளம்பியது... அடியெல்லாம் காய். அந்தப் புகையைப் பார்த்து அவ்வளவு நிம்மதிப்பட்டவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

முதல் ஏக்கர்தான் பிரச்சினை. கொத்துக்கலப்பை போட்டுக் கிளறினால் அத்தனையும் மேலே வரும். ஆனால் வழக்கப்படி அது இப்போது யாருடையது? பெண்கள் வரப்பில் ஏறி நின்று எங்களையே பார்த்தார்கள். அக்கா சொல்லாமல் இருந்திருந்தால் அவர்களுக்கு அது ஒரு வாரத்து அறுவடை.

"பாதிக்குப் பாதி வச்சிக்கலாங்க்கா" என்றார் அவர்.

அஞ்சலையக்கா யோசித்தாள். "சரி. ஆனா ஏற்கனவே பொறுக்குனது சேராது, சொல்ட்டேன்!" எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கம்பெனிக்கு அன்றைக்கே அவர் போன் போட்டு வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

இன்றைக்கு எங்கள் ஷெட்டில் மண்ணைப் பொடியாக்குகிற ரோட்டவேட்டர் இருக்கிறது, மண்ணை மேடாக இழுத்துப் பார் போடுகிற கலப்பை இருக்கிறது, கத்தியும் புதுசு. எது வந்தாலும் முதல் சாலில் வண்டியை நிறுத்தி, இறங்கி, கையால் தோண்டிப் பார்த்துவிட்டுத்தான் மேலே ஓட்டுவேன். அப்படியும் அறுவடை அன்று மனசு அடித்துக்கொண்டேதான் இருக்கும். பொறுக்க இப்போது அவ்வளவாக யாரும் வருவதில்லை. அஞ்சலையக்கா மட்டும் வருவாள். நாலு இடத்தில் கொத்திப் பார்ப்பாள்.

"ஒண்ணுங் கெடைக்கலம்மா. கத்தி சரியாத்தான் போவுது" என்பாள்.

அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வரும். ஆனால் அவள் கூடை காலி; அவளை நிமிர்ந்து பார்க்கத்தான் கொஞ்சம் நேரமாகும்.