காகிதத்தில் இல்லாத பிடித்தம்

அன்று மாடியில் இருந்தவர்கள்: எங்களைக் கூலிக்கு ஆள் சேர்த்துக் கூட்டி வந்த மேஸ்திரி, அவருடைய கணக்கப்பிள்ளை, மூட்டை சுமக்கும் எங்கள் கூட்டத்தார் பதினைந்து பேர். அந்தப் பதினைந்தில் நானும் என் அண்ணனும் அடக்கம். ஆகப் பதினேழு தலை. வேறு யாரும் இல்லை. இதை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன், ஒரு தலை கூடவாவது குறையவாவது செய்யாதா என்று.

கடல் தாண்டி நாங்கள் பிழைக்க வந்த அலோன் துறையில் நெல் கிடங்குக்கு மேலேதான் எங்கள் படுக்கை. ஞாயிற்றுக்கிழமை, விடாத மழை. மேஸ்திரி சொன்னது இதுதான்: தலைக்கு வாரம் இரண்டணா கூலியில் பிடித்து ஒரு வைத்தியப் பெட்டி வைப்பது. யார் படுத்தாலும் டாக்டருக்கும் கஞ்சிக்கும் அதிலிருந்து எடுப்பது. எல்லாரும் சேர வேண்டும், ஒருவரும் விலக முடியாது.

அதுவரை எங்களுக்கு இருந்தது துண்டு வழக்கம். ஒருவன் படுத்துவிட்டால் கூலி நாளில் படிக்கட்டின் அடியில் துண்டை விரிப்போம். இறங்குகிறவர்கள் இஷ்டப்பட்டதைப் போட்டுவிட்டுப் போவார்கள். அதுவும் ஆள் பார்த்துத்தான் விழும்.

எங்களில் முரட்டு உடம்புக்காரன் ஒருவன் எழுந்தான். "எனக்கு நோவுமில்ல நொடியுமில்ல. கண்டவன் இருமலுக்கு நான் எதுக்கு அழணும்?"

"ஏண்டா, காச்சல் வந்த அன்னைக்கு வந்து சேர்றேம்பியா?" என்றார் கணக்கப்பிள்ளை. "எல்லாரும் அப்படியே வந்தா பெட்டியில என்னடா இருக்கும், பல்லியா?"

சிரிப்பு அடங்கியதும் என் அண்ணன் மெதுவாகக் கேட்டான்: "முன்னாடியே நோவு இருக்குறவனையும் சேத்துக்குவீங்களா, மேஸ்திரி?"

"எல்லாரும் கட்டுனா எல்லாரையும் சேத்துக்கலாம். அதுக்குத்தானே கட்டாயங்கிறேன்."

அவன் ஏன் கேட்டான் என்று நான் யோசிக்கவில்லை. உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் கவலைப்படுகிறவன் நான். கப்பல் ஏறினால் கப்பல் மூழ்குமோ, இறங்கினால் வேலை இருக்குமோ என்று கிடப்பேன். அன்று கவலைப்பட வேண்டிய ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். இரண்டணாவைப் பற்றியே நினைத்தேன். இன்று மருந்துக்கு என்பார், நாளைக்குக் கோயில் கொடைக்கு, அப்புறம் அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு. கதவைத் திறந்துவிட்டால் யார் மூடுவது?

மூன்றாம் வகுப்போடு நின்றவன்தான் நான். ஆனாலும் அந்த மாடியில் படிக்கத் தெரிந்த கூலி நான் ஒருவன்தான். என் தகரப் பெட்டிக்குள்ளிருந்து வேலை ஒப்பந்தத்தை எடுத்து உரக்கப் படித்தேன். கூலியில் மேஸ்திரி பிடிக்கக்கூடியவை மூன்று: முன்பணம், கப்பல் கட்டணம், சாப்பாடு.

"இதுல மருந்து இல்ல," என்றேன். "காகிதத்துல இல்லாதத பிடிக்க யாருக்கும் அதிகாரம் கெடையாது."

என் குரல் எனக்கே பிடித்திருந்தது.

எங்களிடம் ஒரு பேச்சு முடியாவிட்டால் ஆள் பிரிந்து நிற்போம். பெட்டி வேண்டும் என்றவர்கள் சுவர்ப் பக்கம், வேண்டாம் என்றவர்கள் படிப் பக்கம். மேஸ்திரியும் கணக்கப்பிள்ளையும் நிற்கக்கூடாது. அங்கே ஏழு, இங்கே ஏழு. நடுவில் அண்ணன்.

"என்னண்ணே, பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை மாதிரி நிக்கிறீங்க!" என்றான் முரடன்.

அண்ணன் சுவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "தம்பி படிச்சவன். சபையில அவனுக்கு எதுத்தாப்புல நான் நிக்க மாட்டேன்," என்று சொல்லிப் படிப் பக்கம் வந்தான். பெட்டி போயிற்று.

மழைக்காலம் முடிவதற்குள் அண்ணன் படகேறும் பலகையில் மூட்டையோடு விழுந்தான். துப்பியதில் ரத்தம் இருந்தது. நான்கு மாதமாக இருக்கிறதாம். என்னிடம் சொன்னால் எனக்குத் தூக்கம் போய்விடும் என்று சொல்லவில்லையாம்.

கூலி நாளில் துண்டை விரித்துவிட்டு நின்றேன். சுவர்ப் பக்கம் நின்ற ஏழு பேரில் ஒருவர், "பெட்டி இருந்தா இந்த நேரத்துக்கு ஒதவியிருக்குமே தம்பி," என்று இரண்டு அணா போட்டார். மற்றவர்கள் அதுவும் போடவில்லை. என் பக்கம் நின்ற முரடன் துண்டைத் தாண்டிப் போனான்.

"இது காகிதத்துல இல்லியேப்பா."

துண்டை மடித்து எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன்.

கடைசியில் மேஸ்திரிதான் பக்கத்து லான்மடாப் பேட்டையிலிருந்து டாக்டரைக் கூட்டி வந்தார். அண்ணன் கைநாட்டு வைக்க எழுந்திருக்க முடியாததால் கணக்கப்பிள்ளை கணக்குப் புத்தகத்தை என்னிடம் நீட்டினார். "டாக்டர் செலவ முன்பணம்னு எழுதியிருக்கேன். முன்பணம் காகிதத்துல இருக்குல்ல, படிச்சவரே?"

இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

டாக்டர் ஒன்பது தடவை வந்தார். நோவு முற்றிய பிறகு வந்தவர் என்ன செய்வார்? தைப் பொங்கலுக்கு முந்தின வாரம் அண்ணன் போய்விட்டான். இரண்டணா கொடுக்க மாட்டேன் என்ற என் கூலியில் இப்போது வாரம் ஆறணா பிடிக்கிறார்கள். எல்லாம் முறைப்படி. பாக்கி இன்னும் இருபத்து மூன்று ரூபாய் பத்தணா.