ஓரத்தில் கசிந்த கரண்ட்

1. மூடிவிடலாம் என்றார்

இருட்டுப் பெட்டிக்குள் வைத்த பிறகும் ஒளி பட்டால் மட்டும் வரவேண்டிய கரண்ட் எங்கள் டிடெக்டரிலிருந்து வந்துகொண்டே இருந்தது. டார்க் கரண்ட் என்போம். அது ஏறினால் நாய்ஸ், அதாவது அளவீட்டில் கலக்கும் இரைச்சல், ஏறும். மங்கலான சிக்னல் அதில் மூழ்கிவிடும்.

இரண்டாயிரங்களின் நடுவில் மாமல்லபுரம் சாலையில் ஓர் ஆய்வகத்தில் நான் டிப்ளமோ படித்த டெக்னீஷியன். செங்கல்பட்டிலிருந்து தினமும் பஸ். கண்ணாடியில் ஆர்கானிக் பாலிமரை மெல்லிய படலமாகப் பூசி, அகச்சிவப்பு ஒளியைப் பிடிக்கும் டிடெக்டர் செய்துகொண்டிருந்தோம். அதை வைத்துக் கையின் ரத்தக்குழாய்களைப் படமெடுக்க வேண்டும். ஒரு வருடமாக வந்ததெல்லாம் வெறும் புள்ளிகள்.

"மெட்டீரியலே சரியில்லம்மா. வெள்ளிக்கிழமை ரிவ்யூல புராஜெக்டை மூடிடலாம்னு சொல்லிடப் போறேன்" என்றார் எங்கள் தலைவர் டாக்டர் சுந்தரம். மூடினால் ஒப்பந்த ஊழியரான என் வேலையும் போகும்.

2. சதுரமும் பட்டையும்

அன்று முழுக்கப் பழைய நோட்டுகளைப் புரட்டினேன். ஒரே பரப்பளவில் இரண்டு டிடெக்டர்கள் இருந்தன. ஒன்று சதுரம், மற்றது நீளப் பட்டை. பட்டையில் இரண்டு மடங்கு கசிவு. பரப்பு ஒன்றுதான், பட்டைக்கு ஓரம் அதிகம்.

தொண்ணூறுகளில் நான் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் சர்க்யூட் போர்டு செய்யும் ஒரு பிசிபி கம்பெனியில் எட்சிங் செக்‌ஷனில் இருந்தவள். ஆசிட்டில் அரித்த ஓரம் வழவழப்பாக இராது. எங்கள் கண்ணாடியில் படலத்துக்கு அடியில் கரண்டை எடுக்கும் எலெக்ட்ரோடும் அப்படி அரித்ததுதான். அந்த ஓரத்தில்தான் படலம் மெலிந்து கரண்ட் கசிகிறது என்று டாக்டரிடம் சொன்னேன். பிசிபி வேறு, இது வேறு என்றார். நோட்டை நீட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"எத்தனை நாள் வேணும்?"

"மூணு நாள், சார்."

ஓரங்களை இன்சுலேஷன் பூச்சால் மூடி, நடுவில் மட்டும் ஜன்னல் விட்டு எட்டு டிடெக்டர்கள் செய்தேன். மூன்று வீண். மீதியை வியாழன் மதியம் அளந்தால், டார்க் கரண்ட் நூறில் ஒரு பங்காகியிருந்தது. டாக்டர் நம்பாமல் வேறு மீட்டர் கொண்டுவந்தார். அதுவும் அதையே காட்டியது.

3. எல்லம்மாவின் கை

படமெடுக்க ஒரு கை வேண்டும். கேண்டீனில் வேலை செய்யும் எல்லம்மாவைக் கூப்பிட்டேன். பக்கத்துக் குப்பத்துக்காரர்.

"ஆஸ்பத்திரில நாலு தபா குத்தினாலும் எனுக்கு நரம்பு ஆப்டாது. இங்க இன்னா ஆப்டப் போவுது?" என்றபடி உட்கார்ந்தார்.

டிடெக்டர் கைமேல் புள்ளி புள்ளியாக நகர, இருபது நிமிடம் அசையாமல் இருந்தார். திரையில் வரிவரியாகப் படம் நிரம்பியது. புறங்கையில் கறுப்பாக ஒரு கோடு கிளைத்து ஓடியது. எல்லம்மா எங்களுக்கு முன்பே அதில் விரல் வைத்தார்.

"அதோ கீதே."

டாக்டர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒரு வருடத்தில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் ரிவ்யூவில் கமிட்டிக்காரர்கள், இந்த ஓரக் கசிவைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டார்கள். டாக்டர் சாக்பீஸை என் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். போர்டில் சதுரத்தையும் பட்டையையும் வரைந்து விளக்கினேன். புராஜெக்டை மேலும் மூன்று வருடம் நீட்டித்தார்கள்.

புது வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முன்பு பார்த்த வேலை எவ்வளவு சின்னதானாலும், அதில் கற்றதை வாய்திறந்து சொல்லுங்கள். கையில் அளவீடு இருந்தால் டிப்ளமோக்காரியின் பேச்சையும் டாக்டர்கள் கேட்பார்கள்.