ஐந்தாவது விரல்

நடுப்பகல் வெயிலில், கம்பளிக் கோட்டின் கழுத்துப் பொத்தானையும் பூட்டிக்கொண்டு, ஒற்றைக் கையால் சைக்கிள் ஓட்டியபடி மீன் சந்தைப் பக்கமிருந்து வருகிறார் இக்னேசியஸ். கச்சான் காற்று புழுதியை அள்ளி முகத்தில் வீசுகிற மாதம். திருகோணமலையில் நாய்கூட நிழலைவிட்டு நகராத நேரம். சைக்கிளின் பின்னால் சாக்கில் சுற்றிக் கட்டிய ஐஸ்கட்டி சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது. அவர் வந்த வழியெல்லாம் றோட்டில் ஓர் ஈரக்கோடு. எனக்கு அவரைப் பார்த்தாலே வேர்த்துக் கொட்டும்.

"உந்தக் கோட்டைக் கழட்டினால் என்ன அண்ணன்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கழட்டினால் உள்ளுக்கு இருக்கிற குளிரெல்லாம் வெளிய போயிடும் தம்பி" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. அவர் பகிடி விடுகிறாரா, மெய்யாகவே சொல்கிறாரா என்று பாலையூற்றில் பக்கத்து வீட்டில் இத்தனை வருடம் இருந்தும் எனக்குப் பிடிபட்டதில்லை.

துறைமுகத்தடி ஐஸ் பக்டரியில் ஐஸ் அறுப்பது அவர் தொழில். கோட், ஐம்பத்தேழில் வெள்ளைக்காரக் கடற்படை மூட்டை கட்டியபோது ஏலத்தில் போன சாமான். குளிர் அறைக்குள் போட்டுக்கொள்ளத்தான் எடுத்தார். பிறகு அறையைவிட்டு வந்தாலும் கழற்ற மனம் வரவில்லை. வலது கை எந்நேரமும் அந்தக் கோட்டின் பைக்குள்ளேயே கிடக்கும். ஊருக்குப் புதியவர்கள் ஏதோ ஓய்வுபெற்ற கப்பல் கப்டன் என்று எண்ணி வழிவிட்டு ஒதுங்குவதும் உண்டு.

கப்டன் கதை பொய். ஐஸ் நொறுக்குகிற மெஷின் அந்தக் கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் மூத்த மகள் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மைக்குக் குடும்பமாகப் படம் எடுக்க யோகா ஸ்ரூடியோவுக்குப் போனார்கள். ஸ்ரூடியோக்காரர் யோகலிங்கம் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே நீட்டி, "அண்ணன், அந்தக் கையைப் பைக்குள்ள வையுங்கோ. படம் வடிவா வரும்" என்றாராம். நல்ல மனதோடு சொன்னதுதான். அதிலிருந்து வேலை செய்யும்போது அந்தக் கையில் சாக்குத் துண்டைச் சுற்றிக்கொள்வார், வேலை முடிந்தால் பை. அன்றைக்கு உள்ளே போன கை, படம் எடுத்து முடிந்தும் சரியாக வெளியே வரவேயில்லை.

இனி, அந்த ஐஸ் யாருக்கு என்பதைச் சொல்ல வேண்டும்.

"எங்கட சூரைக்கும் பாரைக்கும் ஐஸ் பத்தாமக் கெடக்கு. இவரு விக்காத மீனுக்கு ஐஸ் கொண்டு போறாரு" என்று சந்தையில் எல்லோருக்கும் கேட்கச் சொல்வார் கிண்ணியா மீன் வியாபாரி முனாப். சொல்லிக்கொண்டே ஒரு கை கூனி இறாலைக் கடதாசியில் சுற்றி இக்னேசியஸின் கோட்டுப் பைக்குள் திணித்தும் விடுவார். அந்தக் கோட் நாறுவதற்கு முனாப்தான் முழுக் காரணம் என்று இக்னேசியஸின் மனைவி ஞானமலர் அக்கா இன்றைக்கும் சொல்கிறார்.

விற்காத மீன்கள் இரண்டு. மீன் என்று சொல்வதும் பிழை. அவற்றுக்கு நாலு கால் உண்டு. கழுத்தின் இருபுறமும் மும்மூன்று இறகு விரிந்து நிற்கும், அதுதான் அவை மூச்சுவிடும் செவுள். கண்ணுக்கு இமை கிடையாது. வாய் மட்டும் காதுவரை சிரித்தபடி. கான்வென்டில் விலங்கியல் படிப்பிக்கும் கிறிஸ்டின் ரீச்சர், இது மெக்சிக்கோ நாட்டுக் குளங்களில் வாழும் அக்ஸலோட்டில் என்னும் பிராணி என்று எங்களுக்கு விளக்கினார். இக்னேசியஸுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. கறுப்பாக இருப்பதைக் 'கறுப்பர்' என்றும், வெளிறிப்போய் இருப்பதை 'வெள்ளையர்' என்றும் மரியாதையாகவே கூப்பிடுகிறார்.

"வெள்ளையர் எல்லாரும் கப்பலேறி இருவது வருஷமாச்சு. ஒருத்தர் மட்டும் என்ர குசினியில நிக்கிறார்" என்பார்.

இவை வந்து சேர்ந்ததும் கப்பலில்தான். பாஸ்போர்ட் படம் எடுக்க வந்த ஒரு கப்பல்காரன், போகும்போது இரண்டையும் ஜாம் போத்தலோடு யோகலிங்கத்தின் கையில் அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் போனான். அவன் பாஷை இவருக்கு விளங்கவில்லை, இவர் பாஷை அவனுக்கு விளங்கவில்லை. யோகலிங்கம் கண்ணாடித் தொட்டி ஒன்று செய்வித்து, பிரதான வீதியைப் பார்த்த கண்ணாடி யன்னலுக்குள், மணமக்கள் படங்களுக்கு நடுவில் வைத்தார். மேலே படமெடுக்கிற பெரிய லைற் இரண்டு. கப்பலில் வந்தது கடல் சாமான்தானே என்று, தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் ஒரு போத்தல் கடல் தண்ணீரையும் கலந்தார். இந்தப் பிழையைத் துறைமுகத்து ஆட்கள் மட்டும்தான் இவ்வளவு அன்போடு விட முடியும்.

முதல் மாதம் ஊரே வந்து பார்த்தது. ஆட்கள் பாணும் விசுக்கோத்தும் போட்டார்கள். பிறகு மூதூர் லோஞ்சுப் படகுக்கு நிற்கிறவர்கள் மட்டும் பார்த்தார்கள். பிறகு யாருமில்லை. தண்ணீர் கலங்கிக் கஞ்சியானது. பசி தாங்காமல் கறுப்பர் வெள்ளையரின் வலது முன்கையைக் கடித்துத் தின்றுவிட்டார். உடம்பில் பஞ்சு ஒட்டினதுபோல வெள்ளைப் பூஞ்சணம் பிடித்தது, செவுள் இறகு கருகிச் சுருங்கியது. அந்தக் கோலத்தில்தான் ஒரு மத்தியானம் இக்னேசியஸ் சைக்கிளை யன்னலோடு சாத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். வெள்ளையரின் கையைப் பார்த்தார். நேரே கடைக்குள் போனார்.

"தாங்கோ, சுகமாக்கித் தாறன். சத்தியமாத் தாறன்."

"கொண்டுபோங்கோ அண்ணன். சுகமானா எனக்கு வேணும். ஆவணியில கலியாணச் சனம் வரும், யன்னல் வெறுமையா இருக்கக் கூடாது" என்றார் யோகலிங்கம்.

வைத்தியம் சோகமாகவே தொடங்கியது. ஐஸ்காரர் கையில் கிடைத்த நோயாளிக்கு ஐஸுக்கு என்ன பஞ்சம்? காய்ச்சல்காரரை ஆற்றுகிற மாதிரி, அவற்றை விட்டிருந்த பானைக்குள் ஒரு பெரிய கட்டியைத் தூக்கிப் போட்டார். இரண்டும் மரக்கட்டையாய் விறைத்து அடியில் கிடந்தன. ஞானமலர் அக்கா போட்ட சத்தத்தில் நான் வேலி பாய்ந்து ஓடினேன். இக்னேசியஸ் பானைக்கு முன்னால் குந்தியிருந்து சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டிருந்தார். மெல்ல மெல்ல அவை அசைந்தபின்தான் அவருக்கும் மூச்சு வந்தது.

கிறிஸ்டின் ரீச்சர் அன்று பின்னேரம் வந்து அவரை நன்றாக ஏசினார். "குளிர் வேணும்தான். அதுக்காக ஐஸ் பக்டரிக்குள்ள குடியிருக்க ஏலுமே? கடல் தண்ணியும் கூடாது. கை போனதுக்கு யோசியாதைங்கோ, இதுக்குத் திரும்ப முளைக்கும்."

"என்னது?"

"கை. எலும்பு, விரல் எல்லாத்தோடயும் முளைக்கும்."

கோட்டுப் பைக்குள் இக்னேசியஸின் கை அசைந்தது எனக்குத் தெரிந்தது.

அதிலிருந்து அந்தச் சமையல் குசினி ஆஸ்பத்திரியாகிவிட்டது. ஈர மணலில் புதைத்த இரண்டு மண்பானைகள், ஆளுக்கொன்று. ஐஸை உடைத்துப் போத்தலில் அடைத்து, மூடி, பானைக்குள் தொங்கவிடுகிறார். கரைந்ததும் மாற்றுகிறார். வாழையடியில் மண்புழு தோண்டிக் கழுவித் துண்டு துண்டாக ஊட்டுகிறார். கூனி இறாலை உப்புப் போக மூன்று தண்ணீரில் அலசுகிறார். பூஞ்சணத்துக்கு மருந்து தேயிலைச் சாயம். புண் கழுவ ஞானமலர் அக்கா வழக்கமாய்ப் பாவிப்பதுதான். ஆறவைத்த சாயத்தில் நோயாளியைக் கொஞ்ச நேரம் கிடத்தி எடுக்கிறார்.

"எனக்குக் காய்ச்சல் வந்தாக் கொத்தமல்லி அவிச்சுத் தரமாட்டார். அவையளுக்குப் பிளேன்ரீ ஆத்திறார்" என்றார் அக்கா.

"சீனி போடேல்லைத்தானே" என்றார் இவர்.

பூஞ்சணம் உதிர்ந்தது. செவுள் இறகுகள் சிவந்து விரிந்தன. வெள்ளையரின் தோளடியில் முதலில் பருப்பளவு மொட்டு, பிறகு ஒரு சின்னத் துடுப்பு, பிறகு அந்தத் துடுப்பின் நுனியில் விரல்கள். முதல் விரல் தெரிந்த அன்று இக்னேசியஸ் என் வீட்டுக் கதவைத் தட்டிக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். இரண்டாவது வந்தபோதும் கூட்டிப் போனார். மூன்றாவது வந்தபோது முகத்தில் பழைய களை இல்லை. சுகமானால் கொடுப்பதாகச் சத்தியம் செய்தவர் அல்லவா? ஒவ்வொரு விரலும் அந்தப் பிராணியை யன்னலுக்கும் லைற்றுக்கும் கிட்டக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. அங்கே போனால் இரண்டும் ஆவணி தாண்டாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். வளர்த்தவருக்கு எப்படி இருந்திருக்கும்?

நாலாவது விரலும் வந்த கிழமை யோகலிங்கம் வந்தார். இக்னேசியஸ் வெள்ளையரை இனிப்புப் போத்தல் ஒன்றுக்குள் இறக்கி முன்னால் வைத்தார். யோகலிங்கம் குனிந்து எண்ணினார்.

"நாலு விரல் வந்திட்டுது. அப்ப கொண்டு போகட்டே அண்ணன்?"

"நாலுதானே" என்றார் இக்னேசியஸ். "அஞ்சாவதும் வரட்டும். வந்த உடன தாறன்."

யோகலிங்கம் தலையாட்டிவிட்டுப் போனார். வாசலில் நின்ற கிறிஸ்டின் ரீச்சருக்குத் திடீரென்று இருமல் வந்தது. இந்தப் பிராணிக்கு முன்கையில் நாலே நாலு விரல்தான். கறுப்பருக்கும் நாலு, வெள்ளையரின் நல்ல கையிலும் நாலு. உலகம் முடியும்வரை காத்திருந்தாலும் ஐந்தாவது வராது.

"அஞ்சாவது வந்தாக் குடுப்பன் எண்டு சொன்னனான். வந்தாக் குடுப்பன்தானே? அது பொய்யே தம்பி?" என்று அன்றிரவு வேலிக்கு மேலால் கேட்டார்.

"பங்குச் சுவாமியாரைக் கேளுங்கோ" என்றேன்.

"சுவாமியாருக்கு இந்த மீனைப் பற்றி என்ன தெரியும்!" என்று கோபித்துக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிறு யோகலிங்கம் மறுபடி வந்து எண்ணினார். நாலு. அதற்கடுத்த ஞாயிறும் நாலு. "ஆவணி வரப்போகுது அண்ணன்" என்று முனகினார். பிறகு போன ஞாயிறு, கையில் வெறும் தொட்டியோடும் நெஞ்சில் தொங்குகிற கமராவோடும் வந்து இறங்கினார். வந்த விதத்தைப் பார்த்தால் நாலு விரலோ ஐந்து விரலோ கொண்டுபோவது என்ற முடிவு தெரிந்தது. ஞானமலர் அக்கா குசினி மூலைக்குப் போய்விட்டார்.

இக்னேசியஸ் அப்போதுதான் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார். கோட் கதிரையின் முதுகில் கிடந்தது. கைகள் இரண்டும் பானைக்குள். யோகலிங்கம் கிட்டப் போய்க் குனிந்தார். பக்கத்துப் பானையில் கறுப்பர் விளிம்பில் கை வைத்து எழும்பி நின்றார். கடிபடாத, முழுசான கை. யோகலிங்கம் அதைப் பார்த்தார். படச் சுருளில் பென்சிலால் அம்மைத் தழும்பைத் திருத்தும் கண், நாலு விரலைத் தவறவிடுமா? அவர் முகம் சிவந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த நேரம் இக்னேசியஸ் தண்ணீருக்குள்ளிருந்து கையை எடுத்தார், மூன்று விரலோடு. யோகலிங்கம் வாயை மூடிக்கொண்டார்.

கொண்டுவந்த தொட்டியைக் கீழே வைத்தார்.

"ஓம் அண்ணன்" என்றார் யோகலிங்கம். "அஞ்சாவது இன்னும் வரேல்லைத்தான். அது வருமட்டும் உங்களோடயே நிக்கட்டும்." பிறகு கமராவைத் தூக்கி, "யன்னலுக்கு ஒரு படமாவது வேணும். வெள்ளையரைப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ" என்றார்.

இக்னேசியஸ் துள்ளிக்கொண்டு கோட்டைப் போட்டார். பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டினார். பழக்கம் விடவில்லை, வலது கை தானாகப் பைக்குள் போனது. வெள்ளையரை இறக்கிய இனிப்புப் போத்தல் தண்ணீரோடு கனம். இடது கையில் அது சரியத் தொடங்கியது. யோகலிங்கம் கமராவுக்குள் குனிந்தபடி பார்த்துக்கொண்டேயிருந்தார். இந்த முறை ஒன்றுமே சொல்லவில்லை.

இக்னேசியஸ் வலது கையைப் பைக்குள்ளிருந்து எடுத்தார். போத்தலின் அடியில் கொடுத்துத் தாங்கினார். உள்ளே வெள்ளையர் புதுக் கையைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். அடியில் கொடுத்த கையை மெல்ல மேலே நகர்த்தி, அந்தச் சின்னக் கை இருக்கிற இடத்துக்கு வெளியே, தன் மூன்று விரல்களையும் நன்றாக விரித்து வைத்தார்.